ஒத்தைச் சக்கரமும் ஒரு கைலியும்

வாடா பேராண்டி, வா. நொண்டாம வா. அடடே, நொண்டுறியா? நான் ஏதோ பட்டணத்து நடைன்னு நினைச்சேன். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குற பிள்ளைங்க இப்பல்லாம் இப்படித்தான் காலை இழுத்து இழுத்து நடக்கும்போலன்னு உன் அம்மாச்சிகிட்டக்கூடச் சொல்லிக்கிட்டிருந்தேன். உக்காருன்னு சொல்ல மாட்டேன். நீ விழுந்த விதத்தைத் திண்ணையில இருந்தே பாத்தேன். இன்னும் நாலு நாளைக்கு உனக்கு உக்காருற சோலி கிடையாது. தூணைப் பிடிச்சு நின்னுக்க. தூணுக்குச் சக்கரம் இல்லை, பயப்படாத.

போன வாரம் அந்த அட்டைப்பெட்டி வந்து இறங்கினப்பவே தெருவுல கூட்டம். பிரிச்சுப் பாத்தா ஒரு சக்கரம், ஒரு சீட்டு, நடுவுல ஒரு கவட்டை. எதுத்த வீட்டுக் கிழவி எட்டிப் பாத்துட்டு, "பாதிதான் வந்திருக்கு, மிச்சம் அடுத்த வண்டியில வரும்போல"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. நான் வாயைத் திறக்கல. பேரன் ஆசையா வாங்கியிருக்கான், நாம எதுக்குக் கெடுக்கணும்? அவனே கெடுத்துக்குவான்.

உனக்குத் தெரியாதது இல்லை. 1968ல பத்து சைக்கிளோட பஸ் ஸ்டாண்டுப் புளியமரத்தடியில வாடகைக் கடை போட்டவன் நான். மணிக்கு 25 பைசா. இன்னைக்கு இந்த ஊர்ல மீசை நரைச்சுத் திரியுற அத்தனை பேரும் என் கடைச் சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டவனுங்கதான். எவனாவது வேட்டியை மடிச்சுக் கட்டினா, முட்டித் தழும்பைப் பாத்தே எந்த வருசம், எந்த நம்பர் சைக்கிள்னு சொல்லிருவேன். சாயங்காலம் சைக்கிள் திரும்பி வரும்போது ஹேண்டில்பார் வளைஞ்சிருக்கான்னு பாக்க மாட்டேன். பையனோட முழங்கையைப் பாப்பேன். முழங்கை சொல்லிரும், மட்கார்டு எவ்வளவு நசுங்கியிருக்கும்னு.

ஆக, ஓட்டுறதைப் பத்தி எங்கிட்டக் கேக்காத. வாடகைக்கு விட்டவன் நான், ஓட்டினவன் இல்லை. விழுறதைப் பத்திக் கேளு. முப்பது வருசம் அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

முதல்ல உன் கைலிக்கு ஒரு கும்பிடு. என்ன அழகு! கட்டம் போட்ட சங்கு மார்க் கைலி, மேல ஒரு முண்டா பனியன். இந்த உடுப்பைப் பாத்தா ஏதோ வயித்துவலிக்காரன் காத்தாட வந்திருக்கான்னுதான் நினைப்பாங்க. ஒத்தைச் சக்கரம் ஓட்டப் போறான்னு எவன் நினைப்பான்? பாரு, உன் வண்டியில செயின் இல்லை, ஃப்ரீவீல் இல்லை, பிரேக்கும் இல்லை. கிராங்க் நேரா சக்கரத்து அச்சுலயே பூட்டியிருக்கு. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடல் சுத்தும், நீ போதும்னு சொன்னாலும் சுத்தும். பின்னால மிதிச்சா பின்னால போகும். சாதா சைக்கிள்ல வேட்டி நுனி மாட்டினா மிதிக்கிறதை நிறுத்திட்டு, உருட்டிக்கிட்டே போய் ஓரம் கட்டலாம். இதுல ஒரு இழை சிக்கினாலும் போச்சு. பம்பரத்துல சாட்டை சுத்துற மாதிரி அச்சுல சுத்திக்கிட்டே போகும். நாலாவது சுத்துல கைலி சக்கரத்துகிட்ட, நீ தரைகிட்ட, மானம் நடுத்தெருவுல. நேத்து அதுதானே நடந்துச்சு? பால்காரர் கண்ணை மூடிக்கிட்டாராம். பெரிய மனுசன்.

சரி, பேன்ட் போடு. தொளதொளன்னு இல்லை, காலோட ஒட்டின பேன்ட். முட்டியை மூடணும், கணுக்கால்ல பறக்கக் கூடாது. செருப்பு ஆகாது. அடி தட்டையா இருக்குற, பெடல்ல பிடிச்சு நிக்கிற ஷூ. கணுக்காலை மூடினதுன்னா இன்னும் நல்லது, கிராங்க் நுனி வந்து இடிக்கிறது அந்தக் கணுக்கால் முண்டுலதான். ஷூ கயித்தை முடிச்சுப் போட்டுட்டு அப்படியே தொங்கவிடாம உள்ள சொருகு. கைலிக்குச் சொன்ன சட்டம்தான் கயித்துக்கும். அது அச்சுல சுத்திக்கிட்டா உன் காலைப் பெடலோட சேத்துக் கட்டின மாதிரி. விழுற நேரத்துல இறங்கக் கால் வேணும்டா, அதைக் கட்டிப்போட்டுட்டு என்ன பண்ணுவ? உன் தங்கச்சிகிட்டயும் சொல்லு, துப்பட்டாவை வீட்டுல கொடியில போட்டுட்டு வரச் சொல்லி.

அப்புறம் நீ போய் இடம் பிடிச்ச பாரு, கண்மாய்க்கரை மணல். விழுந்தா மெத்துன்னு இருக்கும்னு ஒரு கணக்கு. கணக்கு நல்ல கணக்குதான், விழுறதுக்கு. ஆனா மணல்ல சக்கரம் நகராதுடா. புதைஞ்சு நின்னு உன்னை முன்னால கவுத்துவிடும். புல்லும் அப்படித்தான், மெத்தை மாதிரி இருக்கும், மிதிக்க மிதிக்கத் தொடை நோகும், சக்கரம் நாலு அடி போகாது. சக்கரம் உருளணும்னா தரை கல்லாட்டம் இருக்கணும். நெல்லு காயப்போடுற சிமெண்டுக் களம் இருக்கே, அறுப்பு முடிஞ்சு சும்மா கிடக்கு, அங்க போ. தரையில மெத்தை போட முடியாதா, மெத்தையை உடம்புல கட்டிக்க. டயர்ல காத்தும் கிண்ணுன்னு இருக்கட்டும். தொய்ஞ்ச டயர் உன்னை நேராப் போகவிடாது.

மெத்தையை உடம்புல கட்டிக்கன்னதும் மூஞ்சி சுருங்குது பாரு. அந்தப் பெட்டிக்குள்ளயே முட்டிக் கவசம், கைக் கவசம் எல்லாம் இருக்காம்ல, உன் தங்கச்சி சொன்னா. கட்டிக்கிட்டா ஊரு சிரிக்கும்னு பரண்ல தூக்கி வெச்சிருக்கியாம். அடேய், ஊரு ஏற்கனவே சிரிச்சாச்சு. கட்டிக்கிட்டு விழுந்தா அரை நிமிசம் சிரிச்சுட்டு அவனவன் சோலியைப் பாக்கப் போயிருவான். கட்டாம விழுந்தா ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து சிரிப்பான். அந்த ஹார்லிக்ஸையும் உன் மாமன் குடிச்சிருவான்.

பனை ஏறுறவங்களைப் பாத்திருக்கியா? பரம்பரையா ஏறுறவங்க. ஆனா காலுக்குத் தளைநார் போடாம ஏற மாட்டாங்க, நெஞ்சு உரசாம இருக்கத் தோலைக் கட்டிக்குவாங்க. எந்த ஊராவது அதைப் பாத்துச் சிரிச்சுச்சா? அம்பது மரம் ஏறினவங்களுக்கே தோல் வேணும்னா, அஞ்சு அடி ஓட்டாத உனக்கு மட்டும் உடம்பு என்ன இரும்பா?

முட்டிக் கவசம் மேல ஓடு மாதிரி கெட்டியா இருக்குற சாதியா வாங்கு. வெறும் பஞ்சுன்னா தரையில ஒட்டிக்கிட்டு நிக்கும், நீ மேல போய்க் கவுந்துருவ. ஓடுன்னா வழுக்கிக்கிட்டுப் போகும். முட்டிக்குக் கீழ முன்பக்கத்து எலும்பு இருக்குல்ல, அங்கதான் பெடல் தன்னோட கணக்கை எழுதி வைக்கும். நீ காலை எடுத்துட்டாலும் அது சுத்துறதை நிறுத்தாது, அதனால திரும்பி வந்து போடும். பந்து விளையாடுற பிள்ளைங்க சாக்ஸுக்குள்ள ஒரு தகடு சொருகுவாங்க, அது இதுக்குப் போதும். பின்னால கெண்டைச்சதைக்கு முரட்டு சாக்ஸ் முட்டி வரைக்கும் இழுத்துவிடு. கனடாவுல கிரிஸ் ஹோம்னு ஒருத்தர், இந்த ஒத்தைச் சக்கரத்துலயே மலைமேல இருந்து இறங்குறாருன்னு நீதானே போன்ல காட்டின? அவரு பேர்லயே முட்டியையும் எலும்பையும் சேத்து மூடுற கால் கவசம் விக்கிது. மலையில இறங்குற மனுசனே காலை மூடுறாரு. நீ மாட்டுத்தொழுவத்து வாசல்ல இறங்கிக்கிட்டு காலைக் காட்டிக்கிட்டுத் திரியுற. அவரு பெடல்ல இரும்பு முள்ளு வெச்சிருக்கும், பாறையில வழுக்காம இருக்க. பாத்துட்டு நீயும் அதே மாதிரி முள்ளுப் பெடல் வாங்கி மாட்டியிருக்க. கழட்டு. பெட்டியோட வந்த பிளாஸ்டிக் பெடலைப் போடு. அது அடிச்சா வீக்கம், இது அடிச்சா தையல்.

இன்னொரு சமாச்சாரம், காதைக் கொண்டா, உன் அம்மாச்சி உள்ள இருக்கா. இந்த வண்டியில உடம்புப் பாரம் மொத்தமும் சீட்டுலதான் இருக்கணும், பெடல்ல இல்லை. பெடல்ல ஏறி நின்னா சக்கரம் திணறும், உன் தொடை பத்தே நிமிசத்துல நடுங்கும். அப்ப பாரம் முழுக்க எங்க உக்காருது? புரியுதா? அதுக்குத்தான் குஸ்தி பயில்வான்கள் லங்கோடு இறுக்கினது. எங்க தாத்தா கோவணம் கட்டினாருன்னு நீங்கல்லாம் சிரிச்சீங்க. இப்ப அதையே பஞ்சு வெச்சுத் தெச்சு சைக்கிள் ட்ரவுசர்னு ஆயிரக் கணக்குல விக்கிறான். வாங்கிப் போடு. வம்சம் வேணும்ல.

தலைக்குக் கவசம் போடு. தலைக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கல, இருந்தாலும் இல்லாட்டியும் போடு. பைக்குக்குப் போடுற ஹெல்மெட் வேணாம், கழுத்து கனத்துப்போகும், பக்கத்துல என்ன வருதுன்னும் தெரியாது. சைக்கிள்காரங்க போடுறது கால் கிலோ, முந்நூறு கிராம்தான் இருக்கும். புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடைவெளி, தாடைக்கீழ வார் இறுக்கம். பலமா ஒரு அடி வாங்கிட்டா, வெளியில பாக்க நல்லா இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிரு. உள்ள இருக்குற நுரை நசுங்கித்தான் உன் தலையைக் காப்பாத்தும், ஒரு தடவை நசுங்கினது மறுபடி எழாது.

இப்பக் கைக்கு வருவோம். கையை நீட்டு. என் கையையும் பாரு. இந்த வலது மணிக்கட்டைப் பாத்துப் பாத்து வளந்தவன் நீ. ஏன் தாத்தா கை அகப்பை மாதிரி வளைஞ்சிருக்குன்னு சின்ன வயசுல கேப்ப, கிணத்துல தண்ணி இறைச்சதுன்னு சொல்லிவெச்சேன். பொய். ஓட்டினதே இல்லைன்னு சொன்னதும் பொய்தான், ஒரே ஒரு தடவை ஓட்டினேன். 1971, ஆடி மாசம். உன் அம்மாச்சி வீட்டு வாசல்ல அவ கோலம் போட்டுக்கிட்டிருந்தா. ஹேண்டில்பாரை விட்டுட்டு ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுப் போனேன். அவ நிமிந்து பாத்தா. நானும் அவளைப் பாத்தேன். எருமை ஒண்ணு என்னைப் பாத்துச்சு. அவ்வளவுதான். விழும்போது கையை நீட்டி ஊனினேன், உள்ளங்கை தரையில, உடம்புப் பாரம் மொத்தமும் மணிக்கட்டுல. படக்குன்னு ஒரு சத்தம். மூங்கில் சிம்பு வெச்சு முட்டை வெள்ளைக்கரு போட்டுக் கட்டினாங்க. கூடிருச்சு, ஆனா கோணலாக் கூடிருச்சு. அந்தக் கோணல் கையாலதான் தாலி கட்டினேன். மூணு முடிச்சுல ரெண்டுதான் எனது, மூணாவதை என் அக்கா போட்டா.

ரொம்ப வருசம் கழிச்சு டவுன் ஆஸ்பத்திரியில ஒரு எலும்பு டாக்டர் இந்தக் கையைப் பாத்ததும் சிரிச்சாரு. இதுக்கு கோலிஸ் முறிவுன்னு பேரு வெச்சிருக்காங்களாம். அயர்லாந்துல டப்ளின் நகரத்துல ஆபிரகாம் கோலிஸ்னு ஒரு டாக்டர் 1814லயே இதைப் பத்தி எழுதிவெச்சாராம். எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895ல. படமே இல்லாம, வெறுமனே கையைத் தடவித் தடவி எழுதியிருக்காரு மனுசன். சாப்பாட்டு முள்கரண்டியைக் கவுத்து வெச்ச மாதிரி வளையும்னு இப்பவும் டாக்டருங்க பாடம் படிப்பாங்களாம். நான் அகப்பைன்னேன், அவரு கரண்டின்னாரு. அவரவர் வீட்டுச் சாப்பாடு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, விழும்போது கை தானா முன்னால போகும். நீ அனுப்ப வேண்டியதில்லை. அறிவு வேலை செய்யுறதுக்குள்ள கை போய்ச் சேந்துரும். அதனால கையை நீட்டாதன்னு உனக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனம் இல்லை, முதல்ல அந்தக் கைக்குக் கவசம் போடு. ஸ்கேட்டிங் பிள்ளைங்க போடுறது, உள்ளங்கைப் பக்கம் வளைஞ்ச பிளாஸ்டிக் பட்டை வெச்சது. அது மணிக்கட்டைப் பின்னால மடங்கவிடாது, உள்ளங்கையைத் தரையில வழுக்கவிடும், தோலும் உரியாது. வெறும் கையுறை தோலுக்குத்தான் காவல், எலும்புக்கு இல்லை. பெட்டியில வந்த எல்லாத்தையும் தூரப் போடுறதுன்னாலும் இதை மட்டும் போட்டுக்க.

1974 பங்குனிப் பொங்கலுக்கு நம்ம பள்ளிக்கூடத்து மைதானத்துல ஏழு நாள் இறங்காம சைக்கிள் சுத்துற ஒருத்தன் வந்திருந்தான். உனக்கு அதெல்லாம் தெரியாது. ராத்திரி ரெக்கார்டு டான்ஸு, நெஞ்சுல டியூப்லைட் உடைக்கிறது, குளிக்கிறதும் சாப்புடுறதும் சைக்கிள் மேலயே. கூட ஒரு கோமாளி, அவன்தான் ஒத்தைச் சக்கரம். ஃப்ரீவீலுக்கு வெல்டு வெச்சு இறுக்கி அவனே பண்ணின வண்டி. ராத்திரிக்குப் பத்துப் பன்னண்டு தடவை விழுவான். ஒவ்வொரு தடவைக்கும் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும், காசு விழும். ஓட்டுறப்ப எவனும் காசு போடலை, பாத்துக்க. மூணாம் நாள் காலையில சக்கரம் கோட்டம் எடுக்க என் கடைக்கு வந்தான். டீ வாங்கிக் குடுத்தேன். டம்ளரைப் பிடிக்கச் சட்டைக் கையை மேல ஏத்தினான். ரெண்டு மணிக்கட்டுலயும் மூங்கில் சிம்பு வெச்சு ரிப்பனால சுத்தியிருந்தான். என் கைக்கு உடைஞ்சபிறகு கட்டின அதே சிம்பு. அவன் உடையுறதுக்கு முன்னாடியே கட்டியிருக்கான். எனக்கு மூணு வருசம் பிந்தி வந்த புத்தி.

அவன்கிட்டக் கேட்டேன், எப்படிய்யா இவ்வளவு விழுந்தும் முழுசா இருக்கன்னு. "வண்டியைப் பிடிக்க மாட்டேன் அண்ணே, அது விழட்டும்"னான். முதல்ல எனக்கு விளங்கல. அப்புறம் ராத்திரி உத்துப் பாத்தேன். அவன் உண்மையில விழவே இல்லை. இறங்குறான். முன்னால சாயும்போது வண்டியைப் பின்னால விட்டுட்டு ரெண்டு எட்டு ஓடி நிக்கிறான், அப்புறம்தான் கூட்டத்துக்காகப் படுத்துப் புரளுறான்.

உன் வண்டி 20 அங்குலச் சக்கரம். ஒரு சுத்துக்கு அஞ்சேகால் அடி போகும். நிமிசத்துக்கு 60 சுத்து மிதிச்சாலும் மணிக்கு 6 கிலோமீட்டர் வராது. பால்காரர் நடக்குற வேகம்! அந்த வேகத்துல முன்னால கவுந்தா காலைத் தரையில வெச்சு நடந்துபோயிரலாம். ஆனா நீ என்ன பண்ற? வண்டி கீறிரும்னு திரும்பிப் பாத்துச் சீட்டைத் தாவிப் பிடிக்கப் போற. இருக்குற நிதானமும் போய், வண்டி கீழ, அது மேல நீ. சீட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் பிளாஸ்டிக் முட்டு வெச்சு விக்கிறானே, எதுக்கு? விழுந்து அடிபடத்தான். அடிபட வேண்டியது அது, நீ இல்லை. பின்னால டொக்குன்னு சத்தம் கேட்டா சந்தோசப்படு, விழுந்தது வண்டிதான்.

பெரிய சக்கரம்னா கதை வேற. இங்கிலீஷ்காரப் பையன் எட் பிராட், 2015ல கிளம்பி 2018 வரைக்கும் ஒத்தைச் சக்கரத்துலயே உலகத்தைச் சுத்திட்டு வந்தானே, அவனோடது 36 அங்குலம். அது சுத்துக்கு ஒம்பது அடிக்கு மேல தாண்டும். அந்த வேகத்துல ரெண்டு எட்டு ஓடி நிக்க முடியாது, உருண்டுதான் ஆகணும். நீ இப்ப களத்தைச் சுத்து, உலகத்தை அப்புறம் பாக்கலாம்.

பின்னால விழுறதுதான் பொல்லாதது. அதுலதானே நீ பட்டம் வாங்கியிருக்க. பயத்துல முதுகைப் பின்னால சாச்சுக்கிட்டு, சக்கரத்தையே குனிஞ்சு பாத்துக்கிட்டு மிதிச்ச. சக்கரம் முன்னால பாஞ்சு ஓடிருச்சு, நீ இருந்த இடத்துலயே உக்காந்துட்ட, நடுவுல சீட்டு இல்லை. வால் எலும்பு நேரா சிமெண்டுல. மனுசனுக்கு வால் போனாலும் அந்த எலும்பு மட்டும் இந்த வேலைக்குன்னே மிச்சம் இருக்கு. உடம்பு ஒரு நூல் முன்னால இருக்கட்டும். கண்ணு கால்கிட்ட வேணாம், எதுக்க இருக்குற வேப்பமரத்துல வை. முன்னால விழுறவனுக்குக் கால் இருக்கு, பின்னால விழுறவனுக்கு எங்கிட்ட வேப்பெண்ணெய்தான் இருக்கு.

அதனால ஓட்டுறதுக்கு முன்னாடி இறங்கப் பழகு. களத்துச் சுவரோரம், இல்லாட்டி ரெண்டு பயலுங்க தோளைப் பிடிச்சு ஏறி உக்காரு. ஒரு பெடல் கீழ, ஒரு பெடல் மேல வர்ற மாதிரி நிறுத்து. பாரத்தைக் கீழ்ப்பெடல்ல வை, அது நகராது. ஒரு கையால சீட்டோட முன்பிடியைப் பிடிச்சுக்க. மேல இருக்குற காலை எடுத்துப் பின்னால தரையில வை. இறங்கியாச்சு. மாத்தி மேல்பெடல்ல பாரத்தைப் போட்டா அது சறுக்கிக்கிட்டு ஓடும், நீ பழையபடி என் வேப்பெண்ணெய்க்கு வந்துருவ. ஒரு நாளைக்கு இருபது தடவை இறங்கு. ஓட்டவே வேணாம். பத்துப் பதினஞ்சு மணி நேரம் முக்கினாத்தான் சுவரை விட்டுப் போக வரும், ஆளைப் பொறுத்துக் கூடும் குறையும். அதுல முதல் ரெண்டு மணி நேரம் இறங்குறதுக்கே போகட்டும்.

கால் தவறிப்போச்சு, கீழ போறது நிச்சயம்னு தெரிஞ்சா விறைக்காத. முழங்கையை மடக்கு, தாடையை நெஞ்சோட ஒட்டு, முதுகை வளைச்சுத் தோள்பட்டையில உருண்டு போயிரு. ஜப்பான்ல ஜூடோன்னு ஒரு குஸ்தி, 1882ல கானோ ஜிகோரோங்கிறவர் ஆரம்பிச்சது. அங்க சேர்ற பிள்ளைக்கு முதல்ல எதிராளியைத் தூக்கிப் போடச் சொல்லித்தர மாட்டாங்க, விழத்தான் சொல்லித்தருவாங்க. அதே ஜப்பான்ல சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இடைவேளையில இந்த ஒத்தைச் சக்கரத்தை ஏதோ நொண்டி விளையாடுற மாதிரி ஓட்டிக்கிட்டுத் திரியுதுங்க, நீ காட்டின வீடியோவுலதான் பாத்தேன். அதுங்க ஒண்ணுகூடக் கைலி கட்டலை.

அப்புறம், உன் வண்டியை நீ கும்புடுற சாமியே வந்தாலும் ஓட்ட முடியாது. கிராங்க்ல எல், ஆர்னு எழுத்துப் போட்டிருக்கே, பாத்தியா? நீ சீட்டைத் திருப்பி மாட்டியிருக்க. இப்ப ஆர் இடது காலுக்கு வந்து நிக்கிது. இடது பெடலுக்கு எதிர் மரை இருக்கும்டா, ஓட்ட ஓட்ட இறுகுற மாதிரி வெட்டினது. திருப்பி ஓட்டினா ஓட்ட ஓட்டக் கழண்டுகிட்டே வரும். எல்லாக் கவசத்தையும் மாட்டிக்கிட்டுப் போய்ப் பெடல் கழண்டு விழுந்தேன்னு வந்து நிக்காத, வாடகைக் கடைக்காரன் பேரன்னு வெளியில சொல்ல முடியாது. ஸ்பேனர் தகரப்பெட்டியில இருக்கு.

உன் தங்கச்சியைப் பாரு. சின்னது. பரண்ல நீ தூக்கிப்போட்டதை எடுத்து, முட்டி, கை, தலை எல்லாம் மாட்டிக்கிட்டு, நீ மதியம் தூங்குறப்ப களத்துக்குப் போறா. ஓட்டலை இன்னும். அம்பது தடவை இறங்கிட்டா. நேத்து ஒரு தடவை விழுந்தா, உருண்டா, எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு, "தாத்தா, பாத்தீங்களா"ன்னா. பாத்தேன். வண்டியை இன்னும் ரெண்டு வாரத்துல உன்கிட்ட இருந்து பிடுங்கிருவான்னு தோணுது.

எங்க, அந்தக் கையை மறுபடி நீட்டு. நேத்து ஊனினது இடது கைதானே? கட்டைவிரலை மேல தூக்கு. அதோட அடியில ரெண்டு நரம்புக்கு நடுவுல ஒரு குழி விழுது பாரு. அதுலதான் நான் பட்டணம் பொடி வெச்சு உறிஞ்சுவேன். டாக்டருங்களும் அந்தக் குழிக்கு மூக்குப்பொடி டப்பான்னுதான் பேரு வெச்சிருக்காங்களாம், இங்கிலீஷ்ல. அதுக்கு அடியில படகு மாதிரி ஒரு குட்டி எலும்பு இருக்கு. கை ஊனி விழுந்தா அது கீறும். வீக்கம்கூடப் பெருசா இருக்காது, சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய் தேச்சுக்கிட்டுத் திரிவோம். ஆனா ரத்த ஓட்டம் கம்மியான எலும்பு, கவனிக்காம விட்டா கூடாமலே போயிரும். முதல் எக்ஸ்ரேல சில சமயம் தெரியக்கூட தெரியாது. அதனால அங்க வலி இருந்தா, படம் நல்லா இருக்குன்னு சொன்னாலும் கையைக் கட்டிவெச்சுப் பத்து நாள், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாப்பாங்க.

நான் அமுக்குறேன். வலிக்குதா? பொய் சொல்லாத, உன் கண்ணு சுருங்கிருச்சு.

சட்டையைப் போடு. டவுனுக்கு ஒம்பதரை பஸ்ஸு இருக்கு, நானும் வர்றேன். கைலியோட வராத.